ஆடித் தள்ளுபடியில் அந்தமான்

கேள்வி: நண்பன் பேச்சைக் கேட்டு அவனோடு ஜூலையில் அந்தமான் போனேன். ஹேவ்லாக் தீவில் இறங்கியதிலிருந்து விடாத மழை. ராதாநகர் கடற்கரையைக் குடைக்குள் நின்றுதான் பார்த்தேன். காசு போனது போனதுதானா?
- ஒரு வாசகர், பாலவனத்தம்

பதில்: வானம் பார்த்த பூமியில் பிறந்துவிட்டு மழையைக் குறை சொல்கிறீர்களே, உங்கள் ஊர்க் கண்மாய் கேட்டால் என்ன நினைக்கும்! உங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தே சுமார் 800 மி.மீ. மழைதான், அந்தமானுக்கு ஏறக்குறைய 3,000. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. அங்கே தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கும் முந்தி, மே மாதத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். ஓட்டல்காரர் வாடகையைக் குறைத்தபோதே உங்கள் நண்பர் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? ஆடித் தள்ளுபடியில் நம்மூரில் ஜவுளி விலையைத் தள்ளுகிறார்கள். அங்கே வெயிலையே தள்ளிவிட்டார்கள்.

ஆனால் காயாத துண்டும் ஈர ஜட்டியும் தொங்கும் ஒரே அறையில் அடைந்து கிடந்தும் இருவரும் இன்னும் பேசிக்கொள்கிறீர்கள் என்றால், அடுத்த முறையும் அவரையே கூட்டிப் போங்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் கிளம்புங்கள். கடல் சீறினால் தீவுகளுக்கிடையே கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வந்து சேர்ந்துவிடுங்கள்.