கிளி கிளியாத் தெரியணும்

வா மாப்ளே, பலாக் கடைக்கு லோகோ போட்டுட்டியாமே, ஊரே பேசுது. பழம், பழத்து மேல கிளி, கிளிக்குப் பின்னாடி சூரியன், அதைச் சுத்தி ஏழெட்டு கலர். வேணும்தான். கீரமங்கலத்துப் பலா தன்னால மணக்காது பாரு!

கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லு. அந்தக் கிளி வாட்ஸ்அப்புல வந்த ஜேபெக்தானே? பேஷ், ஆடி மொய் விருந்துக்குப் பத்தடி ஃப்ளெக்ஸுலயும் அதையே போட்டுடு. படம் 1,200 புள்ளி அகலம்னு வச்சுக்க. அங்குலத்துக்கு 300 புள்ளின்னு நோட்டீஸ் அடிச்சா 4 அங்குலத்துக்குத்தான் காணும். 120 அங்குலத்துக்கு இழுத்தா அங்குலத்துக்கு 10 புள்ளி. எட்டி நின்னு பாக்குற ஃப்ளெக்ஸுக்கு 300 வேணாம்தான், அதுக்காகப் பத்தா? கிளி செங்கல் அடுக்குன மாதிரி நிக்கும்.

"பிடிஎஃப்பா மாத்திட்டேன் மாமா"ங்கிறியா? கெட்டிக்காரன்! பேருதான் மாறிச்சு, உள்ள இருக்கிறது அதே புள்ளி. கோரல்ட்ராவிலயோ இல்லஸ்ட்ரேட்டர்லயோ கோடாவே வரைஞ்ச வெக்டார் ஃபைலைக் கேளு. சிடிஆர், ஏஐ, இபிஎஸ் எதுவானாலும் சரி. விசிட்டிங் கார்டுக்குச் சுருக்கினாலும் பலகைக்குப் பெருக்கினாலும் ஓரம் உடையாது. எழுத்தைக் கர்வ்ஸா மாத்தி வாங்கு. பாமினி மாதிரி ஃபாண்டுல அடிச்சிருந்து அச்சாபீஸ் கம்ப்யூட்டர்ல அது இல்லேன்னா, உன் கடைப் பேரு இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டிக் கிடக்கும். அப்புறம் வெள்ளைக்காரன்தான் பழம் வாங்க வரணும்.

போன்ல மினுக்குதே பச்சை, அது சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு வெளிச்சம் சேந்தது, ஆர்ஜிபி. மெஷின்ல ஓடுறது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை, சிஎம்ஒய்கே. வெளிச்சம் சேரச் சேர வெளுக்கும், மை சேரச் சேர இருளும். அந்த மினுக்கல் மைக்கு வாய்க்காது. சிவகாசியில இருந்து நோட்டீஸ் கட்டு வந்தப்புறம் "கிளி மங்கிப்போச்சு"ன்னு சண்டைக்குப் போகாம, முன்னாடியே சிஎம்ஒய்கேக்கு மாத்தி ஒரு ப்ரூஃப் எடுத்துப் பாரு. பிஎன்ஜியை ஸ்டேட்டஸோட நிறுத்திக்க, அதுல இந்த நாலு மைக் கணக்கு ஏறாது.

நம்ம புதுக்கோட்டை ராஜா காலத்து அம்மன் காசு பாத்திருக்கியா? ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்குல 'விஜய'. செம்பு, விரல் நகத்தளவு, கலர் ஒண்ணும் கிடையாது. 1948ல சமஸ்தானமே போயிடுச்சு. காசைக் காட்டினா புதுக்கோட்டைக்காரன் இன்னைக்கும் அடையாளம் சொல்லுவான். உன் லோகோவை மஞ்சப்பையில ஏத்தணும்னா ஸ்க்ரீன் பிரிண்டிங்காரர் கலருக்கு ஒரு ஸ்க்ரீன் கட்டுவாரு, கூலியும் அப்படியே ஏறும். ரசீது புத்தகத்துக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் ஒத்தைக் கலர்தான். அதனால முதல்ல கறுப்புல மட்டும் வரையச் சொல்லி, அம்மன் காசு அளவுக்குச் சுருக்கிப் பாரு. கிளி கிளியாத் தெரிஞ்சா வச்சுக்க, ஈயாத் தெரிஞ்சா பறக்கவிட்டுடு.

வரைஞ்ச பையனுக்கு மீதிப் பணம் தர்றதுக்கு முன்னாடி மூல ஃபைலைக் கையில வாங்கு. வாங்குன பென் டிரைவை மொய் நோட்டு இருக்கிற பீரோவுலயே வச்சுப் பூட்டு. போட்ட மொய் அஞ்சு வருசம் கழிச்சாவது திரும்பி வரும். பையன் மெட்ராஸுக்கு வேலைக்குப் போயிட்டான்னா ஃபைல் வராது மாப்ளே.