பிரஸ்ஸல்ஸ் தாசில்தார் அவர்களுக்கு

அனுப்புநர்:
பாக்குத் தோட்டக்காரன் ஒருவன்,
தொண்டாமுத்தூர், கோயமுத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தாசில்தார் அவர்கள்,
ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்.

பொருள்: செல்போன் சார்ஜர் ஓட்டையை ஒன்றாக்கியதற்கு நன்றி தெரிவித்தும், மீதமுள்ள ஓட்டைகளை அடைக்கக் கோரியும் மனு.

ஐயா அல்லது அம்மணி,

கும்பிடறனுங்க. உங்க ஆபீஸில் தாசில்தார் என்று ஒரு பதவி கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பட்டா மாறுதலோ வாரிசுச் சான்றிதழோ, எதுவானாலும் பேரூர் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தே பழகிய கை இது. என் போனின் அடிப்பக்கத்து ஓட்டை எந்த அளவில் இருக்கவேண்டும் என்று உத்தரவு போடுகிற தாலுகா ஆபீஸ் எது என்று விசாரித்தேன். எல்லோரும் உங்க ஊர்ப் பக்கமே கையைக் காட்டினார்கள்.

முதலில் வீட்டு நிலவரம். எங்க ஆத்தா வெற்றிலை வைத்திருந்த பித்தளைப் பெட்டியில் இப்போது சார்ஜர் வயர்கள் குடியிருக்கின்றன. தடிப் பின் ஒன்று, ஊசிப் பின் இரண்டு, எதற்கென்றே தெரியாத பட்டைப் பின் ஒன்று, மைக்ரோ யூஎஸ்பி நாலைந்து, கடைசியாகச் சேர்ந்த சி டைப். இதில் மைக்ரோ யூஎஸ்பிக்கு நாங்கள் வைத்த பேர் ‘நார்மல் பின்’. இனி என்றைக்கும் இதுதான் என்று நம்பி வைத்த பேர்ங்க அது. பாவம்.

ஒரம்பரை வந்தால் செம்பில் தண்ணீர் கொடுத்து “வாங்க” என்று சொல்வது எங்க பக்கத்து வழக்கம். இப்போது செம்பைக் கையில் வாங்கும் முன்பே “சி டைப் இருக்குதுங்களா?” என்கிறார்கள். “நார்மல் பின்னுதானுங் மாப்ள” என்று சொன்னால், ஜாதகம் பொருந்தவில்லை என்று கேட்ட பெண் வீட்டார் முகம் மாதிரி ஆகிவிடுகிறது.

தடிப் பின்னும் ஊசிப் பின்னும் நோக்கியா கொடுத்த சீதனம். 2005 வாக்கில் மூன்றரை மில்லிமீட்டர் பின் இரண்டு மில்லிமீட்டராக இளைத்தது. பழைய சார்ஜரைப் புதுப் போனில் மாட்ட, விரல் நீளத்தில் ஓர் ஒட்டு வயரையும் அவர்களே விற்றார்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தார்கள், 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடினார்கள். பூட்டிக் கிடந்த அந்த இடத்தைப் பிற்பாடு வாங்கியது சால்காம்ப் என்கிற கம்பெனி. அவர்கள் தொழிலே சார்ஜர் செய்வதுதான். போன் செத்துப்போனது, சார்ஜர் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டது.

ஆப்பிள்காரர்கள் கதை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 2003இல் ஐபாடுக்கு வந்த முப்பது முனைப் பட்டையை 2012 செப்டம்பர் 12 அன்று ஐபோன் 5 வந்தபோது கைவிட்டார்கள். லைட்னிங் என்று எட்டு முனையில் சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்து, அடுத்த பத்து வருஷத்துக்கு இதுதான் என்று மேடையில் சொன்னார் அவர்களுடைய மார்க்கெட்டிங் தலைவர் பில் ஷில்லர். வெளிக்கம்பெனி அதற்கு வயர் செய்வதென்றால் அவர்களிடம் லைசென்ஸ் வாங்கவேண்டும். அதே செப்டம்பர் 12ஆம் தேதி, 2023இல், ஐபோன் 15ஐ சி டைப்பில் வெளியிட்டார்கள். பத்து வருஷம் என்றார்கள், பதினொன்று ஓட்டினார்கள். வாக்குத் தவறாதவர்கள் என்று சொல்லலாம், நடுவில் உங்க சம்மன் போகாதிருந்தால்.

அந்தச் சம்மனுக்குத்தான் என் நன்றி. 2009இலேயே கம்பெனிகளைக் கூப்பிட்டு மைக்ரோ யூஎஸ்பிக்கு மாறுங்கள் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தீர்கள். ஆப்பிளும் கையெழுத்துப் போட்டது, போட்டுவிட்டு ஓர் ஒட்டுப் பின்னைக் காட்டி ஒதுங்கிக்கொண்டது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரப்பை மட்டும் நகர்த்த விடாத பங்காளி எங்க பக்கத்திலும் உண்டுங்க. பிறகு 2022 அக்டோபர் 4 அன்று உங்க நாடாளுமன்றத்தில் 602க்கு 13 என்று ஓட்டு விழுந்தது. தெருவிளக்குத் தீர்மானத்துக்குக்கூட எங்க கிராமசபையில் இந்த ஒற்றுமை வராது. அந்த 13 பேர் வீட்டுப் பெட்டியில் என்ன பின் கிடக்கிறது என்று பார்க்க ஆசை. 2024 டிசம்பர் 28 முதல் உங்க நாடுகளில் விற்கிற புதுப் போன் எல்லாமே சி டைப் என்று சட்டம் ஆகிவிட்டது.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. 2022 ஆகஸ்டில் தில்லியில் நுகர்வோர் விவகாரத் துறை கூட்டம் போட்டது. நவம்பரில் கம்பெனிகள் சி டைப்புக்குத் தலையாட்டின. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ், 62680 என்று தொடங்கும் நம்பர் போட்டுத் தரநிலை வெளியிட்டது. ஆனால் வெறும் தரநிலை என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி, வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வருத்தமில்லை. நீங்கள் அனுப்பியது கோர்ட்டு நோட்டீஸ்.

எனக்கு உறுத்துவது இதுதானுங்க. ஐபோன் 15 விற்பனைக்கு வந்த முதல் நாளே, ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய போனும் கடைக்கு வந்துவிட்டது. எங்க ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம். திருகாணி முடுக்கியது எங்க பிள்ளைகள், ஓட்டையை வரைந்தது கலிபோர்னியாவில், மாற்றச் சொல்லி உத்தரவு போட்டது பிரஸ்ஸல்ஸில். பெட்டியை உடைத்துப் பார்த்து “அட, பின்னு மாறிப்போச்சு” என்று சொல்கிற வேலையை மட்டும் எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் கோயமுத்தூர் பம்புசெட்டு ஊர். எங்க கிணற்றில் இதுவரை மூன்று கம்பெனி மோட்டார் இறங்கி ஏறியிருக்கிறது. ரெண்டு இஞ்சு என்றால் எந்தக் கம்பெனியிலும் ரெண்டு இஞ்சுதான். பழைய பைப்பில் புது மோட்டாரை மாட்டி மத்தியானத்துக்குள் தண்ணீர் எடுத்துவிடுவோம். “எங்க மோட்டாருக்கு எங்க பைப்புத்தான் சேரும், பைப்பு அறுகோணத்தில் இருக்கும், உங்க வசதிக்காகத்தான்” என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து சொல்லியிருந்தால் மோட்டாரைக் கிணற்றில் இறக்கியிருப்போம், அவரையும் சேர்த்து.

போன மக்காச்சோள வெள்ளாமையில் எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பேர் வேண்டாம், அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லாத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் யானை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ராவெல்லாம் போனில்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அன்றைக்கு என் போன் மூச்சை விட்டுவிட்டது. பக்கத்துத் தோட்டத்துச் சாளைக்கு ஓடினேன். அவரிடம் இருந்ததும் அதே கம்பெனி போன், அதே கம்பெனி சார்ஜர், ஆனால் என்னுடையதற்கு முந்தின பின். அவர் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒற்றை யானை எங்க இருவருக்கும் நடுவே பொறுமையாகச் சோளக்காட்டுக்குள் போனது. சார்ஜ் இருந்திருந்தாலும் அது போயிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருத்தப்பட்டிருப்பேன்.

இப்போது மீதமுள்ள ஓட்டைகள்.

ஓட்டை ஒன்றாகிவிட்டது, பந்தி இன்னும் ஒன்றாகவில்லை. ஒரு கம்பெனி சி டைப் வயரை இன்னொரு கம்பெனி போனில் மாட்டினால், பல நேரம் பெட்டியில் எழுதியிருக்கிற வேகத்தில் பாதிகூட வருவதில்லை. வேகமாக ஏறுகிற போனெல்லாம் பொது முறையையும் ஏற்கவேண்டும் என்று உங்க சட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. வயரைப் பார்த்தால் எது எது என்று தெரியவேண்டாமா? டேட்டா கடத்துவதிலும் இதே கதைதான், ஐபோன் 15இலேயே சாதா மாடலுக்கு ஒரு வேகம், புரோவுக்கு இருபது மடங்கு வேகம். ஆனால் புரோ வாங்கியவருக்கும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது அந்த மெதுவான வயர்தான்.

அடுத்து, சார்ஜர் இல்லாமலும் போன் வாங்கிக்கொள்ளலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறீர்கள். குப்பை குறையும், வீசியதும் பயன்படாததுமான சார்ஜர் குப்பை மட்டும் உங்க கணக்கில் வருஷத்துக்கு 11,000 டன் என்கிறீர்கள். நியாயம். ஆனால் உங்க சட்டத்துக்கு முன்பே, 2020இல், சார்ஜரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு அதுவும் சுற்றுச்சூழலுக்காகத்தான் என்று சொன்ன கம்பெனி உண்டு. பிரேசில் தாசில்தார் 2022இல் அதற்கு அபராதமே போட்டார். பத்து உருப்படி என்று பேசிய சீரில் அம்மிக்கல்லைக் குறைத்துவிட்டு, மாப்பிள்ளை இடுப்பு வலிக்காமல் இருக்கத்தான் என்று சொன்னால் சம்பந்தி வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. உங்க வீட்டுச் சுவரைப் பார்த்தீர்களா? ஜெர்மனி ப்ளக் ஒரு மாதிரி, டென்மார்க் இன்னொரு மாதிரி, இத்தாலியில் மூன்று பின்னும் ஒரே வரிசையில், அயர்லாந்தில் செவ்வகப் பின். போன் ஓட்டைக்குச் சட்டம் போட்ட கை, சுவர் ஓட்டைக்குப் போகவில்லை. இதில் எங்க பாடு தேவலைங்க. எங்க மூன்று உருண்டைப் பின் இங்கிலாந்துக்காரர் வழி வந்தது. 1947இல் எங்களை விட்டுப்போன அவர்கள், அதே 1947இல் செவ்வகப் பின்னுக்குப் புதுத் தரநிலை எழுதி, உருண்டைப் பின்னையும் விட்டுவிட்டார்கள். நாங்கள் விடவில்லை. எங்க அப்பாரு வாங்கின டேபிள் ஃபேன் இன்றைக்கும் புது வீட்டுச் சுவரில் சுற்றுகிறது. இறக்கை மட்டும் கொஞ்சம் தட்டும்.

எனவே மேற்படி ஓட்டைகளைத் தாங்கள் நேரில் பார்வையிட்டு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வருகிறவர்கள் மார்கழியில் வந்தால் அவரைக்காயும் பச்சைத் துவரையும் கிடைக்கும். சி டைப் எங்க வீட்டில் இருக்கிறது. யானை வருகிற நேரம் ராத்திரி எட்டுக்கு மேல்.

இப்படிக்கு,
பாக்குத் தோட்டக்காரன்.

இணைப்பு: பட்டைப் பின் வயர் ஒன்று. எந்தப் போனுடையது என்று தெரிந்தால் எழுதவும்.

நகல்: 1. பிஐஎஸ், மானக் பவன், புதுதில்லி. 2. ஆப்பிள், குப்பர்டினோ, கலிபோர்னியா (தகவலுக்காக மட்டும்).