எதிலும் ஒட்டாதவர்

ஆய்வகத்தில் யாராவது "சார், யீல்டு 112 சதவீதம்" என்று வந்து நின்றால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஒழுங்கா காயவெச்சியா?" என்பதுதான். சால்வென்ட் உள்ளேயே நிற்கிறது, திரும்ப ரோட்டாவில் போடு என்று விரட்டிவிடுவோம். நான் வைஸ் பிரசிடென்ட் ஆகி மேல்மாடிக்குப் போன புதிதில், ஒரு ரிவியூவில் விற்பனைத் தலைவர் எழுந்து, "டார்கெட்டில் 112 சதவீதம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள். கேட்க வந்ததை விழுங்கிவிட்டு நானும் தட்டினேன்.

ஹைதராபாத்தில் கெமிஸ்டாக இருப்பவனுக்கு மேல்மாடி ஆசை வராமல் இருக்காது. புனே என்.சி.எல்.லில் பிஎச்.டி. முடித்து, ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்த அஞ்சி ரெட்டி 1984-ல் சொந்தக் கம்பெனி தொடங்கிய ஊர் இது. இரானி டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் ஒரு எம்.டி.யாக இருப்பார், அல்லது ஆகப்போகிறவராக இருப்பார்.

யார் மேலே போவார் என்பதை எம்.எஸ்சி.யிலேயே டி.எல்.சி. தகட்டில் பார்த்தவர்கள்தான் நாங்கள். சிலிகா பூசிய தகட்டின் அடியில் கேப்பிலரியால் ஒரு பொட்டு வைத்து, ஹெக்ஸேனும் எத்தில் அசிடேட்டும் கலந்த கரைசலில் நிறுத்தினால் திரவம் மெல்ல ஏறும். போலார் ஆசாமிகள் சிலிகாவைக் கட்டிக்கொண்டு அடியிலேயே கிடப்பார்கள். எதிலும் ஒட்டாதவர் திரவத்தோடு சேர்ந்து உச்சிக்குப் போய்விடுவார். என்னைவிட நல்ல கெமிஸ்டுகள் இன்றும் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார்கள். வேலையோடு அப்படியொரு ஒட்டுதல்.

அம்மாவுக்குத்தான் புரியவைக்க முடியவில்லை. "முன்னாடி மருந்து செஞ்சே. இப்ப?"

"மருந்து செய்றவங்களுக்கு மெயில் அனுப்புறேன்மா."

"அதுக்கா சம்பளம் ஜாஸ்தி?"

தலைமைப் பயிற்சி என்று ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப்போனார்கள். பயிற்சியாளர் ராய் வேஜலஸின் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் மெர்க் கம்பெனிக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா அம்மா சிற்றுண்டிக்கடை வைத்திருந்தார்கள். சாப்பிட வரும் மெர்க் விஞ்ஞானிகளின் பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன், உயிர்வேதியியலாளராகி, 1975-ல் அதே மெர்க்கின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்து, 1985-ல் சி.இ.ஓ. ஆனார். இதுவரை எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். 1987-ல், ஆற்றுக் குருட்டுநோய்க்கு ஐவர்மெக்டினை இலவசமாகவே தருவோம், தேவைப்படும் காலம்வரை தருவோம் என்று அவர் அறிவித்தார் என்றதும் எங்கள் நிதித் தலைவர் போன் வந்ததுபோல எழுந்து வெளியே போனார்.

அந்த மருந்தின் பிறப்பைப் பற்றிப் பயிற்சியாளர் சொல்லவில்லை. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் சதோஷி ஒமுரா அள்ளிய மண்ணில் இருந்த பாக்டீரியாதான் மூலம். 2015-ல் நோபல் பரிசுவரை போன மண். எங்கள் டைரக்டர்களும் வாரம் தவறாமல் கோல்ஃபுக்குப் போகிறவர்கள்தான். ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத்தான் காரில் ஏறுவார்கள்.

போன மாதம் என்னையும் அழைத்தார்கள். ஆட்டம் எனக்கு வராது. ஓரமாகக் குனிந்து ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டேன். டிரைவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாஸ்துவுக்கா சார்?"