பூநாரை பாக்க வர்ற தம்பிக்கு

வா தம்பி, வா. கிழக்குக் கடற்கரைச் சாலையில பறந்து வந்து, எங்க உப்பளத்து ஓரமா 'கிரீச்'னு நிறுத்தி, நாலு கதவையும் 'டொம்மு டொம்மு'னு சாத்தினியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு நீ பறவை பாக்க வந்தவன்னு. மீன் வாங்க வர்றவன்கூட இவ்ளோ சத்தம் போடமாட்டான். பூநாரை எங்கேன்னா கேக்குறே? நீ கதவு சாத்தறதுக்கு முந்தி இங்கதான் மேஞ்சுகிட்டு இருந்துச்சு.

பயணத் திட்டத்தை வேற போன்ல காட்டுறே. விடியக்காலம் பள்ளிக்கரணை, அப்புறம் கேளம்பாக்கம், வேடந்தாங்கல், கரிக்கிலி, ஓதியூர், மரக்காணம், கழுவெளி, பொழுது சாயறதுக்குள்ள ஊசுட்டேரி. எல்லாம் ஒரே நாள்ல! வலசை வந்தது பறவையா நீயான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. அதுங்களாவது வந்த எடத்துல மாசக்கணக்கா உக்காந்து சாப்பிடுது.

வேடந்தாங்கல்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1790-கள்லயே அந்த ஊர்க்காரங்க, வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க பறவையைச் சுடுறாங்கன்னு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட முறையிட்டு, காப்பாத்த உத்தரவு வாங்கினாங்க. அவங்க கழுத்துல பைனாகுலர் எதுவும் தொங்கல. எச்சம் விழுந்த ஏரித்தண்ணி பாஞ்சா நெல்லு நல்லா வெளையும்னு தெரிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான்.

சரி, என் யோசனையக் கேளு. பூநாரை பறக்குற படம்தானே வேணும்? கிட்டப் போயி கையத் தட்டு. போதலைன்னா டிரோனை விடு. கூட்டமே எழும்பி, சிவப்பு றெக்கையை விரிக்கும், படம் ஜோரா வரும். அதுக்கு ஒருவேளைச் சோறு போச்சு. தலையைத் தலைகீழாக் கவுத்து, நாக்கால தண்ணிய இழுத்துத் தள்ளி, அலகு ஓரத்துச் சல்லடையில பாசியையும் பொடி இறாலையும் வடிகட்டித் தின்னுற ஜீவன் அது. வயிறு நெறைய நேரமாகும். அந்த ரோசா நிறமே தீனியால வர்றதுதான். அந்தத் தீனி கெடைக்கலைன்னா நாளாவட்டத்துல வெளுத்துப்போகும். அப்புறம் நீதான் கம்ப்யூட்டர்ல கலர் ஏத்திக்கிட்டு உக்காரணும்.

போன்ல பறவைக் குரலைப் போட்டு அழைக்கிறதும் நல்ல வித்தைதான். உன் மச்சான் குரல்ல எவனோ வாசல்ல நின்னு கூப்பிட்டு, நீ சாப்பாட்டை வெச்சுட்டு எழுந்து வந்தா உனக்கு எப்படி இருக்கும்னு மட்டும் யோசிச்சுக்க.

உப்புப் பாத்திக்குள்ள மட்டும் எறங்கிடாதே. மழைத்தண்ணிய எறைச்சு, சேத்தை வழிச்சு, வெறுங்காலால மிதிமிதின்னு மிதிச்சுத் தரையை இறுக்கி வெச்சிருக்கோம். உன் பூட்ஸு ஒரு குழி போட்டா அங்க உப்போட சேறும் சேந்து வரும். வரப்புல நட, அதுவும் அளத்துக்காரங்களைக் கேட்டுட்டு நட. எங்க பொம்பளைங்க இருட்டோட வேலைக்கு வர்றாங்களே, சூரிய உதயத்தைப் படம் புடிக்கவா? வெயில் ஏறிட்டா வெள்ளை உப்பு கண்ணைக் குத்தும். நீயும் அந்த நேரத்துக்கே வா. கெழக்க முதுகைக் காட்டி, ஒரே எடத்துல நில்லு. எதிர்ல மேயுற பறவை கொசு உள்ளானா வேற உள்ளானான்னு நீ புத்தகத்தைப் புரட்டி முடிக்கிறவரைக்கும் அது காத்திருக்காது. போனா போகட்டும், பேரு தெரியாட்டியும் அது உள்ளான்தான்.

கழுவெளியையாவது நிதானமாப் பாரு. மரக்காணம் பக்கம் கழிமுகம் வழியா கடல்தண்ணி ஏறும், தென்மேற்குப் பக்கம் மழைத்தண்ணி நிக்கும். ரெண்டு தண்ணிக்கும் ரெண்டு விதமான கூட்டம் வரும். 2021 டிசம்பர்ல அரசு இதைச் சரணாலயமா அறிவிச்சுச்சு, 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியல்லயும் சேந்துச்சு. ராம்சர்ங்கிறது ஈரான்ல ஒரு ஊராம், 1971-ல அங்க கூடித்தான் ஈரநிலங்களைக் காப்பாத்த ஒப்பந்தம் போட்டாங்களாம். ஈரான் வரைக்கும் எட்டின பேரு, நம்ம ரோட்டோர டீக்கடையில கேட்டா "எந்த ஏரிங்க?"ங்குறான்.

இன்னொண்ணு. உன்னை மாதிரி ஆளுங்க நெறையப்பேரு வர்றது கார்த்திகை, மார்கழியில. பறவைக்கு அது பந்திக் காலம். எங்களுக்கு அப்போ அளம் முழுக்க மழைத்தண்ணி, வேலை கெடையாது. மழைக்கால நிவாரணம்னு அரசு 5,000 ரூபா குடுக்குது. அது உன் கேமரா மூடிக்குக் காணுமா?

அதனால வழிகாட்ட அளத்துப் பையன் ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு, கூலியைக் கையில குடு. எந்தப் பாத்தியில என்ன எறங்குதுன்னு அவனுக்கு அத்துப்படி. போறப்ப கல்லுப்பு கொஞ்சம் வாங்கிக்க. வெலையை அளத்துக்காரங்க சொல்லட்டும், நீ பேரம் பேசாதே.