பாங்காக் போய்வந்தவர்

லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்கு ஹாலிவுட்டில் தாய் டவுன் என்றொரு பேட்டை. 1999இல் நகராட்சியே சூட்டிய பெயர். அங்கே சலவைக்கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே, ஒரு குடும்பமே நடத்தும் ஆறேழு மேசை உணவகம் எதில் நுழைந்தாலும், பாங்காக் போய்வந்தவர் ஒருவர் நமக்கு முன்பே உட்கார்ந்திருப்பார். தனியாக வரமாட்டார். பேசினால் கேட்க ஆள் வேண்டுமே, அலுவலகத்திலிருந்து நாலு பேரைத் திரட்டிக்கொண்டுதான் வருவார்.

வாசலிலேயே கைகூப்பிவிடுவார். கல்லாவில் இருக்கும் பாட்டிக்கு ஒன்று, பரிமாறும் பேத்திக்கு ஒன்று, சுவரில் தொங்கும் தாய்லாந்து ராஜா படத்துக்கு ஒன்று. மீன்தொட்டியைத் தாண்டிய பிறகுதான் கை இறங்கும்.

மெனு அட்டையைத் தொடமாட்டார். "சோம் தம் ஒண்ணு. எங்களுக்குப் போடற காரம் வேண்டாம், உங்க ஊர்ல சாப்பிடற காரம் போடுங்க." தாய்லாந்தில் பப்பாளிக்காய் சாலட் கேட்பவர்கள் எத்தனை மிளகாய் என்று எண்ணிக்கை சொல்வார்கள். இவர் சொல்வது வீரம். பேத்தி சமையலறைப் பக்கம் திரும்பித் தாய் மொழியில் ஏதோ சொல்வாள். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்கும்.

"பாத்தீங்களா, எவ்வளவு பெருமைப்படறாங்க!"

உள்ளே இருக்கும் அம்மா ஒருமுறை எட்டி அவர் முகத்தைப் பார்ப்பார். பிறகு உரலில் ஒரே ஒரு மிளகாய் விழும், அதுவும் சின்னது. முதல் வாயிலேயே இவருக்கு நெற்றி வியர்க்கும். "இதுதான் அசல்" என்பார், தண்ணீர்க் குவளையைத் துழாவியபடி.

சோறு வந்ததும் சாப்ஸ்டிக் கேட்பார். தாய்லாந்துக்காரர்கள் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார்கள், முள்கரண்டி தள்ளிக் கொடுப்பதற்கு மட்டும். குச்சியெல்லாம் நூடுல்ஸோடு சரி. பேத்தி இதையெல்லாம் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை. இவரைப் போன்றவர்களுக்கென்றே இழுப்பறையில் ஒரு கட்டு இருக்கிறது. குச்சிக்குச் சிக்காத பருக்கைகள் மேசையெங்கும் சிதற, பாட் தாய் நூடுல்ஸ் ஆயிரம் வருஷத்துப் பண்டம் என்று பிரசங்கம் நடக்கும். பிபுன் சோங்கிராம் 1938இல் பிரதமரான பிறகு அரசே முன்னின்று பரப்பிய பண்டம் அது. கல்லாப் பாட்டி அதைவிட மூத்தவராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

டாம் யம் சூப்பில் எலுமிச்சைப்புல் தண்டு வாசனைக்குத்தான் கிடக்கும். எல்லோரும் ஒதுக்குவார்கள். இவர் மெல்லுவார். வெகுநேரம் மெல்லுவார். உணவகத்தில் அமைதி நிலவுவது அப்போது மட்டும்தான். நான் அந்த நேரம் பார்த்துத்தான் சாப்பிட்டு முடிப்பேன்.

விழுங்கியானதும் கடைசி ஆணை பிறக்கும்: "மெனுவுல இல்லாதது, நீங்க வீட்டுல சாப்பிடறது, அதைக் கொண்டாங்க." பேத்தி தன் ராத்திரிச் சாப்பாட்டையே கொண்டுவந்து வைப்பாள்: சோற்றின்மேல் மீன் சாஸ் விட்டுப் பொரித்த முட்டை ஆம்லெட்.

"இது வடக்கு மலைக் கிராமங்கள்ல மட்டும்தான் கிடைக்கும்" என்று நாலு பேருக்கும் விளக்கிப் படமும் எடுத்துக்கொள்வார்.

மெனுவில் இல்லாததற்கு விலையும் கிடையாதே. பாட்டி அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, வாத்துக் கறியின் விலையை எழுதுவார்.