வானிலைத் தரவோட்டம் தடைபடுதல்: காரணமும் பழியும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடையே வானிலைச் செயற்கைக்கோள் படங்கள் சர்வரிலிருந்து சர்வருக்குக் கைமாறிச் செல்கின்றன. அதற்கான எல்.டி.எம். என்னும் மென்பொருளை உருவாக்கியது கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலுள்ள யூனிடேட்டா. தருவது மேல் சர்வர். பெறுவது கீழ் சர்வர். தரவு மேலிருந்து கீழே பாயும். அது நின்றால் பழி கீழிருந்து மேலே பாயும். இரண்டில் பழிக்கே வேகம் அதிகம். தரவுக்குப் போர்ட் 388 திறந்திருக்க வேண்டும்; பழிக்கு அதுவும் வேண்டாம்.

அறிகுறி: கோஸ் வகை அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் 16 அலைவரிசைகளில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் முழு வட்டத்தையும் படமெடுக்கிறது. மேகம் இயல்பிலேயே நிதானமானது என்பதால், நின்றுபோன படமும் அமைதியான வானமும் ஒன்றுபோலவே தோன்றும். கரையை நோக்கி வந்த புயல் கடலிலேயே தங்கிவிட முடிவெடுத்ததாகத் தெரிந்தால் நோய் உறுதி.

காரணங்கள் நான்கு வகைப்படும்.

விண்வகை: வடகோளத்தில் வசந்த சம இரவுக்குச் சற்று முன்பும், இலையுதிர்கால சம இரவுக்குச் சற்றுப் பின்பும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. அதன் ரேடியோ இரைச்சலில் சிக்னல் மூழ்கும். சில நிமிடங்களில் தானே சரியாகிவிடும் என்பதால் இதில் ஆய்வாளருக்குப் பெருமை இல்லை.

பெயர்வகை: 2025 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தைக் கவனிக்கும் பணி கோஸ்-16இடமிருந்து கோஸ்-19இடம் சென்றது; கோப்புப் பெயர்களிலும் எண் மாறியது. பழைய எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்கும் சர்வர், இனி வராததை முறை தவறாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பிழைச்செய்தி எதுவும் எழாது.

காலவகை: ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதான தரவை எல்.டி.எம். வழக்கமாக ஏற்பதில்லை. கீழ் சர்வரின் கடிகாரம் அதற்கு மேல் முந்தி ஓடினால், அப்போதுதான் பிறந்த படமும் முதுமை காரணமாகத் தள்ளுபடியாகும்.

இடைவெளிவகை: வந்த தரவை எங்கே சேமிப்பது என்று சொல்லும் கோப்பில் புலங்களை டேப் கொண்டு பிரிக்க வேண்டும்; ஸ்பேஸ் செல்லாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவ்வகையில் தரவு வந்து சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் மட்டும் நுழைந்திருக்காது.

நோய் நாடுவோர் முப்பிரிவினர். மேல்வாதிகள் மேல் சர்வரின் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதுவர். அவர் தமக்கும் மேலே ஒருவர் உண்டெனக் காட்டுவார். முடிவில் வழக்கு, பதிலளிக்கும் வழக்கமில்லாத செயற்கைக்கோளிடம் போய் நிற்கும். கீழ்வாதிகள் கேட்டவரையே சந்தேகிப்பர், பெரும்பாலும் சரியாகவே சந்தேகிப்பர், அதனால் விரும்பப்படுவதில்லை. மறுதொடக்கவாதிகள் எதையும் சந்தேகிப்பதில்லை.

முறையான வரிசை இது: மேல் சர்வர் உயிரோடிருக்கிறதா என்பதை எல்டிஎம்பிங் கட்டளையால் அறிக. கேட்டது அங்கே இருக்கிறதா என்பதை நோட்டிஃபைமீ சொல்லும். இது தரவை இழுக்காமல் பட்டியலை மட்டும் காட்டும். இங்கே வந்து சேர்கிறதா என்பதை எல்டிஎம்அட்மின் வாட்ச் காட்டும். மூன்றும் ஆம் எனில் டேப்பைத் தேடுக. கடிகாரத்தைச் சரிபார்க்க எந்தக் கட்டத்திலும் தடையில்லை. ஆனால் வழக்கத்தில் அது கடைசியில்தான் நடக்கும்.

இணைப்பு மீண்டதும், விடுபட்டவற்றில் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டவை, மேல் சர்வரின் வரிசையில் இன்னும் இருந்தால், வந்து சேரும், மற்றவை வாரா. இடையில் யார் எதைத் திருத்தியிருந்தாலும், பதிவேட்டில் 'மறுதொடக்கத்தால் சரியானது' என்றே எழுதப்படும்.