ஜாகை மாற்றும் போட்டோகிராபர்

இவரை விடிகாலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பார்க்கலாம். கழுத்தில் ஒரு கேமரா, தோளில் ஒன்று. படகு வரும், வலை வரும், சூரியனும் வரும். இவர் மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம், "சார், நீங்க எதுல போடுறீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். படம் எடுப்பது இவருக்குச் சில்லறை வேலை. எங்கே போடுவது என்பதுதான் கவலை.

முதல் ஜாகை ஃப்ளிக்கர். 2004இல் வான்கூவரில் பிறந்த அந்தத் தளத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் கண் பனிக்கும். "ஒரு படம் போட்டா, என்ன லென்ஸ், என்ன ஷட்டர் ஸ்பீடுன்னு நாலு பேர் கேப்பாங்க சார். அது ஒரு காலம்!" 2013இல் அதன் அப்போதைய ஓனர் யாஹூ ஆளுக்கு ஒரு டெராபைட் இடத்தை இலவசமாகக் கொடுத்தபோது, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் கண்ணை மூடியிருந்த மாமாக்கள் உட்பட அத்தனையையும் ஏற்றினார். 2018இல் ஃப்ளிக்கரை ஸ்மக்மக் என்ற கம்பெனி வாங்கியது. அந்த வருடமே, காசு கட்டாதவருக்கு 1000 படம்தான் என்றார்கள். "ஓனர் மாறினா கறார் வரத்தான் செய்யும்" என்றேன். "காசு பெரிசில்ல சார், கொள்கை" என்று கிளம்பிவிட்டார்.

கொள்கை கொண்டுபோய் விட்ட இடம் 500பிஎக்ஸ். அங்கே படத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். ஐஸ்லாந்து அருவிகளுக்கு நடுவே இவருடைய பழவேற்காட்டுப் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. மகளின் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட இவர் இப்படிப் பதறவில்லை என்று வீட்டம்மா சொல்லக் கேள்வி.

இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பத்தில் போகவே இல்லை. எல்லாவற்றையும் சதுரமாக நறுக்கச் சொன்னால் பாம்பன் பாலத்தை எந்த இடத்தில் நறுக்குவது? 2015இல் அந்தக் கட்டாயம் போன பிறகுதான் குடியேறினார். செட்டில் ஆவதற்குள் ரீல்ஸ் வந்தது. இப்போது பாலத்தைக் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை. பாலத்தின் முன்னால் ஆடவேண்டுமாம்.

ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும் காரணம் உயர்ந்ததாகவே இருக்கும்: நிறம் மங்குகிறது, காப்புரிமை போகிறது, அல்காரிதம் சரியில்லை. நம்பலாம். ஆனால் தேதிகளைக் கோத்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். அதே காசிமேடு, அதே படகு, பக்கத்தில் நின்று செல்போனில் எடுத்த கல்லூரிப் பையனுக்கு லைக் குவியும்; மறுநாள் இவருக்கு அல்காரிதம் சரியில்லாமல் போகும்.

இப்போது இருப்பது கிளாஸ் என்ற தளம். சந்தா கட்ட வேண்டும், லைக் எண்ணிக்கை காட்டாது. "நம்பரே கிடையாது சார். நிம்மதி. கலைக்கு எதுக்கு எண்ணிக்கை?" என்று எனக்கு அரை மணி நேரம் விளக்கினார்.

அன்று ராத்திரியே போன்.

"சார், பூநாரை பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். பிரமாதம்."

"நீங்க பதினோராவது ஆளு" என்று சொல்லிவிட்டு வைத்தார். பன்னிரண்டாவது ஆளைக் கூப்பிட வேண்டுமே.